புயல் ஓய்ந்தபின் கேட்கும் இரைச்சல்

மன்னார்த் தீவை விட்டுத் தாம்போதி வழியாகப் பெருநிலத்தை அடைந்து, திருக்கேதீச்சரப் பக்கமாக வடக்கே திரும்பி ஏ-32 வீதியிற் செல்வோமாயின், பாப்பாமோட்டை, விடத்தல்தீவு என்னும் ஊர்களைத் தாண்டி இலுப்பைக்கடவையை அடையலாம். மன்னார் நகரிலிருந்து 20 மைல் அளவு இருக்கும். இடப்புறத்தே கண்டற்காடும் உவர்நிலமும், அவற்றுக்கப்பால் பாக்கு நீரிணையும் கிடக்கின்றன. வலப்புறத்தே வயல்வெளிகளும் சிறு குளங்களும், அவற்றுக்கப்பால் வன்னிக் காடும் விரிகின்றன. இலுப்பை மரத்தையும் கடவையையும் தன் பெயரிலே சேர்த்து வைத்திருக்கும் இவ்வூர், பெரும் பட்டினமுமன்று, புகழ்பெற்ற தலமுமன்று. வயலும் கடலும் வாழ்வளிக்கும் ஒரு கரையோரக் கிராமம். பூநகரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விரைவோர் பலர் பஸ்ஸை விட்டு இறங்காமலே இதனைக் கடந்து போவர்.

2025ஆம் ஆண்டின் டித்வாப் புயல் ஓய்ந்து மாதங்கள் சில சென்றபின் நாம் அங்கு இறங்கினோம். புயலுக்குப் பின் இக்கரையோரம் எவ்வாறு இருக்கின்றது என்று பார்ப்பதே நோக்கம். வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்திருந்தபோது, தெற்கேயிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. சற்று நேரத்தில் ஹெலிகொப்டர் ஒன்று பனைகளுக்கு மேலாக வடக்கு நோக்கிச் சென்றது. கடைக்காரரின் பேரன் வெளியே ஓடிச்சென்று, கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு அது மறையும்வரை பார்த்து நின்றான். உள்ளே பாத்திரங் கழுவிக்கொண்டிருந்த அவனுடைய அப்பம்மாவோ, கை வேலையை நிறுத்தி, கதவுநிலையைப் பற்றிக்கொண்டு, இரைச்சல் அடங்கும்வரை அசையாது நின்றார். பின்பு ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் வேலையிற் கைவைத்தார்.

ஒரே இரைச்சல். ஒரே வீட்டில் இருவர். ஒருவர் வெளியே ஓடினார், மற்றவர் நின்ற இடத்திலே உறைந்தார். நாம் அன்று அவ்வூரில் கண்டவற்றுள் நெஞ்சைவிட்டு அகலாதது இதுவே. புயலுக்குப் பின் விமானங்களும் படையினரும் செய்யும் பணியைப்பற்றி எழுத எண்ணியிருந்த எமக்கு, அப்பணியை இங்கிருந்து பார்ப்பதற்கும் வேறோர் ஊரிலிருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் விளங்கிற்று.

இக்கரைக்குப் புயல் புதிதன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் குறுக்கே கடந்த சூறாவளி, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கி அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டி, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலாற் கொள்ளப்பட்டது. பாம்பன் பாலத்தின் 145 உத்திரங்களுள் 126 பெயர்ந்து வீழ்ந்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்ற கப்பற் போக்குவரத்தும் அந்த ஓரிரவோடு முடிவுற்றது. நம்மிற் பலருடைய பாட்டன்மார் இந்தியாவுக்குப் போய்வந்த வழி அது.

தேநீர்க்கடையில் எமக்கு எதிரே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கு அப்புயலின்போது எட்டு வயது. “கூரை எல்லாம் பறந்திட்டுது, தம்பிமார். விடிஞ்ச பிறகு பார்த்தால் வயல் எது, குளம் எது எண்டு தெரியவில்லை. முதலில் எங்களுக்கு உதவியெண்டு வந்தது ஒரு வண்டில்தான். பக்கத்து ஊர் மனுசர் அரிசியும் தேங்காயும் ஏத்திக்கொண்டு வந்தவை. மாடு கழுத்தளவு தண்ணியிலே நிண்டது இப்பவும் கண்ணுக்குள்ளே நிக்குது” என்றார்.

வண்டில் வரக்கூடிய இடத்துக்கு வண்டில் போதும். வீதியும் பாலமும் அற்றுப்போன இடத்துக்கு என்ன செய்வது? இவ்வினாவுக்கு உலகம் கண்ட விடைதான் ஹெலிகொப்டர். 1945ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலக் கரையருகே, புயலில் அகப்பட்டுப் பாறைத்திட்டிற் சிக்கிய எண்ணெய்த் தோணியில் இருவர் உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருந்தனர். படகெதுவும் அவர்களை அணுக முடியவில்லை. சிக்கோர்ஸ்கி நிறுவனத்தின் ஹெலிகொப்டர் ஒன்று அவர்களுக்கு மேலே அந்தரத்தில் நின்று, கம்பிக்கயிற்றை இறக்கி, ஒருவர்பின் ஒருவராக இருவரையும் மீட்டது. கயிறு கட்டி மனிதரைத் தூக்கும் இம்முறைக்கு அதுவே தொடக்கம் என்பர்.

அப்புதுமை இலங்கையை வந்தடையப் பன்னிரண்டு ஆண்டுகளே சென்றன. 1957ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த அடைமழையாற் குளங்கள் பல உடைத்துப் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, அமெரிக்கக் கடற்படையின் ‘பிரின்ஸ்டன்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் எமது கரைக்கு விரைந்து வந்தது. அதிலிருந்து எழுந்த ஹெலிகொப்டர்கள், வெள்ளத்தாற் சூழப்பட்ட மக்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்றன. போருக்கெனச் செய்த கப்பலும் போருக்கெனப் பயிற்றிய வீரரும் அரிசிமூடை சுமந்தது அக்காலத்தில் வியப்பாகவே இருந்திருக்கும்.

ஆயினும் எமது கரையில் அவ்வியப்பு நிலைக்கவில்லை. பின்வந்த பல ஆண்டுகளில், வானத்து இரைச்சல் இங்கே வேறு பொருள் பெற்றது. போர்க்காலத்தில் ‘பொம்மர்’ என்றும் ‘ஹெலி’ என்றும் ஒலியை வைத்தே வேறுபடுத்தி அறியப் பிள்ளைகள் கற்றனர். இரைச்சல் கேட்டவுடன் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும் என்பது எழுத்தறிவுக்கு முன்னரே வந்த அறிவு. 2008ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் விடத்தல்தீவும், 20ஆம் நாள் இலுப்பைக்கடவையும் இராணுவத்தின் வசமாயின. ஊரவர் பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றனர். 2009ஆம் ஆண்டு போர் முடிந்து, முகாம்களில் இருந்து, அதன் பின்னரே திரும்பி வந்தனர். எல்லோரும் திரும்பினர் என்று சொல்வதற்கில்லை. கதவுநிலையைப் பற்றிக்கொண்டு நின்ற அந்த அப்பம்மாவின் கை எதனை நினைந்து நின்றதென்று நாம் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை.

இந்நிலையிலேதான் 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. ஏமன் நாட்டின் சொக்கோத்திராத் தீவில் உள்ள கடனீரேரி ஒன்றின் பெயரைத் தாங்கிய அப்புயல், 28ஆம் நாள் இலங்கைக் கரையைக் கடந்து, நாடு முழுவதையும் மழையால் மூழ்கடித்தது. மலைநாட்டில் மண்சரிந்தது. சமவெளியில் ஆறுகள் கரைபுரண்டன. 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மன்னார் மாவட்டமும் பெருவெள்ளத்துக்குத் தப்பவில்லை. இம்மாவட்டத்தில் பெய்யும் மழை மட்டுமே இங்குள்ள வெள்ளத்துக்குக் காரணமன்று என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. அருவியாறு அநுராதபுரப் பக்கத்து நீரையெல்லாம் வாரிக்கொண்டு மன்னார்க் கரையிலே கடலை அடைகின்றது. பறங்கியாறும் பாலியாறும் வவுனியாப் பக்கத்து நீரைக் கொண்டுவந்து பாக்கு நீரிணையிற் சேர்க்கின்றன. ஆகவே, இங்கே மழை விட்டு வெயில் எறிக்கும் நாளிலும் வெள்ளம் ஏறக்கூடும். வானம் வெளுத்தது என்று வீடு திரும்பியோர் பின்னர் சூழப்படுவது இதனாலேயே.

அவ்வாறு சூழப்பட்டோரை மீட்க விமானப்படையின் ஹெலிகொப்டர்கள் எழுந்தன. அயல்நாடாகிய இந்தியா, ‘சாகர் பந்து’ என்று பெயரிட்ட நடவடிக்கையின்கீழ்த் தன் ஹெலிகொப்டர்களையும் பாரவிமானங்களையும் அனுப்பிற்று. அமெரிக்காவின் பாரவிமானங்களும் வந்தன. பாரவிமானமும் ஹெலிகொப்டரும் ஒன்று செய்வதை மற்றது செய்ய இயலாது. பாரவிமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஆனால் ஒரே பறப்பிற் பல தொன் பொருளைக் கொண்டுவரும். ஹெலிகொப்டருக்கு ஒரு பள்ளி மைதானம் போதும். ஆனால் அது சுமப்பது சிறிதே. அச்சிறிதிலும் எரிபொருளுக்குரிய பாரத்தைக் கழிக்கவேண்டும். தொலைவிலுள்ள ஊருக்குப் போகவேண்டுமாயின் எண்ணெய் கூடும், ஏற்றக்கூடிய ஆட்கள் குறைவர். ‘இன்னும் இருவரை ஏற்றினால் என்ன?’ என்று கீழேயிருப்போர் மனம் நொந்து கேட்பதுண்டு. அக்கணக்கை மீறினால், ஏறியவர்களும் வீடு சேரமாட்டார்கள்.

புயல் அடிக்கும்போதே ஏன் வருவதில்லை என்ற கேள்வியும் உண்டு. முகில் தாழ்ந்து மழை மறைக்கும்போது, பனையையும் மின்கம்பியையும் விமானி காணமாட்டார். காற்று சுழன்றடிக்கையில் அந்தரத்தில் அசையாது நிற்றல் அரிதிலும் அரிது. ஆகவே காற்றுத் தணியும்வரை காத்திருத்தல் தவிர்க்கவொண்ணாதது. அந்தக் காத்திருப்பு நேரத்தை ஊர் தன் கையாலேதான் கடக்கவேண்டும்.

ஹெலிகொப்டர் வந்துவிட்டாலும் வேலை முடிந்ததன்று. டித்வாவின்போது அநுராதபுரத்துப் பக்கத்தில் காலா ஓயாப் பெருக்கிடையே பஸ் வண்டியொன்று அகப்பட்டது. அதிலிருந்த 69 பேர் அருகிலிருந்த வீட்டுக் கூரைமேல் ஏறி, ஒரு நாளுக்கு மேலாகத் தவித்தனர். கூரையின் ஒரு பகுதி உடைந்து பெண்கள் மூவர் நீரில் வீழ, மற்றவர்கள் அவர்களைத் தூக்கி மேலேற்றினர். ஹெலிகொப்டர் ஒன்று அவர்களை மீட்க வந்தது. ஆனால் அதன் சுழலி கீழ்நோக்கி வீசிய காற்று, அவர்கள் நின்ற கூரையையே பெயர்த்துவிடும்போல் இருந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. முடிவில் கடற்படையினரின் படகுகளே அவர்களைக் கரைசேர்த்தன. காற்றினும் பாரமான தன் உடலை அந்தரத்தில் தாங்க வேண்டுமாயின், ஹெலிகொப்டர் அத்தனை காற்றையும் கீழே தள்ளியே ஆகவேண்டும். அதைத் தாங்கி நிறுத்தும் காற்றே கீழே கிடுகையும் தகரத்தையும் கிளப்பிக் கத்தியாக வீசுகின்றது. கிடுகுக் கூரையும் தகரக் கூரையும் மலிந்த எமது கரையோரத்தார் இதனை மறத்தலாகாது.

உதவ வந்தோரும் உயிரிழந்தனர். 2025ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த விமானப்படையின் பெல்-212 ஹெலிகொப்டர் லுணுவிலவில் ஜின் ஓயாவில் வீழ்ந்தது. அதன் விமானி விங் கமாண்டர் நிர்மல் சியம்பலாப்பிட்டிய உயிர் நீத்தார். அந்நாட்களில் வடக்கே சுண்டிக்குளத்தை அடுத்த சாலைப் பகுதியில், வெள்ளம் கடலுக்கு வடிவதற்காகக் கழிமுகத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்த கடற்படையினர் ஐவர் நீரோட்டத்தில் அகப்பட்டனர். அவர்கள் உயிரோடு மீளவில்லை. முல்லைத்தீவுக் கரை எந்தப் போரின் கடைசி நாட்களைக் கண்டதோ, அதே கரையில், அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குள் ஏறிய வெள்ளத்தை இறக்க முயன்று, தென்னிலங்கைத் தாய்மார் பெற்ற பிள்ளைகள் இறந்தார்கள்.

இதனை எழுதும்போது எமது கை தயங்குகின்றது. ஒரு நன்மையைச் சொன்னால் பழைய துன்பத்தை மறைத்ததாகுமோ என்ற அச்சம் ஒருபுறம். பழைய துன்பத்தையே சொல்லிக்கொண்டிருந்தால், எமக்காக இறந்தவர்களுக்கு நன்றி கொன்றதாகுமோ என்ற கூச்சம் மறுபுறம். பெரியவரிடமே இதனைக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அதுக்கு அழ வேண்டியது அதுக்கு. இதுக்கு அழ வேண்டியது இதுக்கு. ரெண்டையும் ஒரு தராசிலே போடக்கூடாது, தம்பி” என்றார். இதனினும் நேர்மையான விடையை நாம் அறியோம்.

வானிலிருந்து வரும் உதவி உணவுப் பொதியோடு நிற்பதில்லை என்பதற்கும் வன்னியிலேயே சான்றுண்டு. வெள்ளத்தால் துண்டிக்கப்பட்ட பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் 120 அடி நீளமான பெய்லிப் பாலம் ஒன்றை அமைத்தனர். 110 தொன் அளவான அப்பாலத்தின் உருக்குத் துண்டுகள் சி-17 பாரவிமானத்தில் வந்திறங்கியவை. துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிப் பொருத்தும் இவ்வகைப் பாலம், இரண்டாம் உலகப் போரின்போது படைகள் ஆற்றைக் கடப்பதற்கென ஆங்கிலேயப் பொறியியலாளர் டொனல்ட் பெய்லி வகுத்தது. இப்போது அதன்மேற் பள்ளிப் பிள்ளைகளும் நெல்மூடைகளும் செல்கின்றன. 2025 டிசம்பர் 23ஆம் நாள் அது போக்குவரத்துக்குத் திறந்துவைக்கப்பட்டது.

இனி, இவ்வூர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது யாது? விமானியின் இடத்திலிருந்து ஒருமுறை பார்ப்போம். மேலிருந்து காண்கையில் வயலும் குளமும் உவர்நிலமும் கடலும் ஒரே நீர்ப்பரப்பு. ஊர்ப்பெயர்ப் பலகை தெரியாது. கோவிற் கோபுரமும் மாதாகோவிற் சிலுவையும் குளக்கட்டும் பனை வரிசையுமே அடையாளம். எந்த வீட்டில் நடக்கமாட்டாத கிழவி இருக்கிறாள், எங்கே நிறைமாதப் பெண் இருக்கிறாள் என்பதை எந்தக் கருவியும் அவருக்குச் சொல்லாது. அது ஊருக்குத் தெரியும், கிராம அலுவலருக்குத் தெரியும். அந்தப் பட்டியல் மழைக்கு முன்னரே எழுதப்பட்டிருக்குமாயின், பறப்பதற்குரிய அரிய நிமிடங்கள் தேடுவதிலே கழியா.

மாணவர்கள் மனத்திற் பதிக்கவேண்டியவை மேலும் சில உண்டு. இறங்குமிடம் வெளியாக, சமதரையாக, மின்கம்பியும் உயர்ந்த மரமும் இன்றி இருத்தல் வேண்டும். தகரம், பாய், பொலித்தீன் முதலியவற்றை முன்னரே அகற்றிவிட வேண்டும். காற்று எப்பக்கம் வீசுகிறது என்று காட்ட, கம்பில் உறுதியாகக் கட்டிய நிறச்சேலை ஒன்று தொலைவில் நின்றால் போதும், ஏனெனில் ஹெலிகொப்டர் காற்றை எதிர்த்தே இறங்க விரும்பும். வந்து இறங்கியதும் அதனை நோக்கி ஓடலாகாது. படையினர் கைகாட்டியபின், விமானி காணக்கூடிய முன்பக்கமாகக் குனிந்து செல்லவேண்டும். வாற்புறத்துச் சிறு சுழலி, சுழலும்போது கண்ணுக்குத் தோன்றாமலே உயிரைப் பறிக்கும். கம்பிக்கயிறு இறங்கிவந்தால் தாவிப் பிடிக்கக்கூடாது. பறக்கும் உடலிற் சேரும் மின்னேற்றம், கொளுக்கி நிலத்தையோ நீரையோ முதலில் தொட்டபின்னரே நீங்கும்.

இவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் எழுந்து, “அப்படியெண்டால் எங்கட ஊரில் இறக்க ஒரு இடம் இருக்கு, வாருங்கோ” என்று எம்மை அழைத்துச் சென்றார். பிள்ளைகள் பந்தடிக்கும் வெளி அது. மேட்டுநிலம், வெள்ளம் ஏறுவது குறைவு என்றார். பேரனும் கூடவே வந்தான். வெளியின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தவன் அவனே. வெளியின் ஓரத்து இரு கம்பங்களுக்கிடையே, ஒரு மூலையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு மின்கம்பி ஓடியது. நாள்தோறும் அதன்கீழே பந்தடிக்கும் பிள்ளையும், நாள்தோறும் அவ்வழியே நடக்கும் பெரியவரும் அன்றுவரை அதனைக் கவனித்திருக்கவில்லை.

“இதைக் கிராம அலுவலரிட்டச் சொல்லவேணும்” என்றார் பெரியவர். “கம்பத்தைத் தள்ளி நட ஏலாதோ?” என்று பையன் கேட்டான். அவ்வளவில் அவர்கள் இருவரும் எம்மை மறந்து, எந்தக் கம்பத்தை எங்கே தள்ளினால் எவ்வளவு வெளி கிடைக்கும் என்று அடியால் அளக்கத் தொடங்கினர்.

நாம் பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் தேநீர்க்கடையைக் கடந்தோம். அப்பம்மா வாசலில் நின்றார். பேரன் எங்கே என்று கேட்டார். ஹெலிகொப்டர் இறங்குவதற்கு இடம் அளக்கிறான் என்றோம். அவர் வெளியிருந்த திசையைச் சற்று நேரம் பார்த்தார். “வெயிலுக்கை நிக்கிறான். வரச்சொல்லுங்கோ, சாப்பிட” என்றார். பின்பு எதையோ எண்ணியவராய், “இல்லை, அளந்து முடிச்சிட்டு வரட்டும்” என்று சொல்லி உள்ளே போனார்.